காலுக்குத் தைலம், தோளுக்கு?

நம் வீடுகளில் உடம்புக்கு எது வந்தாலும் முதலில் எடுக்கப்படுவது எண்ணெய்க் கிண்ணம்தான். காலில் சுளுக்கா? தைலம். கைக்குழந்தை வீறிட்டு அழுகிறதா? தேங்காய் எண்ணெய் தடவிக் கை காலை நீவிவிட ஒரு பாட்டி. மாமனாருக்கு மூட்டு வலியா? வேப்பெண்ணெயைச் சுடவைத்துக் கொண்டுவர ஒரு மருமகள். இதிலே பாதி வைத்தியம், பாதி அன்பு. எது எத்தனை பங்கு என்று யாரும் நிறுத்துப் பார்ப்பதில்லை. அநேகமாக அதற்கு அவசியமும் ஏற்படுவதில்லை.

ஒரே ஒரு நிலைமையில் மட்டும் நிறுத்துப் பார்த்தே தீர வேண்டியிருக்கிறது. முதுகுத் தண்டில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழேயோ கழுத்துக்குக் கீழேயோ அசைவும் உணர்ச்சியும் போய்விட்ட ஒருவர் வீட்டில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கூட்டரிலிருந்து விழுந்த பிள்ளையாக இருக்கலாம். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கப் போய்க் கால் தவறிய கணவராக இருக்கலாம். எக்ஸ்ரே, ஆபரேஷன் எல்லாம் முடிந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தாயிற்று. இனி வருஷக் கணக்கில் அந்த உடம்பைப் புரட்டுவதும், பிடித்துவிடுவதும், மடக்கி நீட்டுவதும் பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் பொறுப்பு. எங்கே தேய்க்கலாம், எங்கே தேய்க்கக் கூடாது, தேய்ப்பதால் எது கிடைக்கும், எது கிடைக்காது என்று அவர்களுக்குப் பொறுமையாகச் சொல்லிக் கொடுப்பவர்கள்தான் மிகவும் குறைவு.

முதுகெலும்பு வேறு; அதன் நடுவே ஓடும் தண்டுவடம் வேறு. தண்டுவடம் சுண்டுவிரல் பருமன்தான் இருக்கும். நீளம் சுமார் 45 சென்டிமீட்டர், அதாவது ஒன்றரை அடி. மூளையின் கட்டளைகள் கீழே போவதும், உடம்பின் செய்திகள் மேலே வருவதும் அதன் வழியேதான். எலும்பு முறிந்தால் கூடிவிடும். தண்டுவடம் அறுந்தால் கூடுவதில்லை. முழுவதும் சிதையாமல் நசுங்கி மட்டும் இருந்தால் ஓரளவு சக்தி திரும்புவதுண்டு. அதன் அறிகுறிகள் பெரும்பாலும் முதல் வருஷத்துக்குள்ளேயே தெரிந்துவிடும். அதுவும் உள்ளே நரம்பில் நடக்கிற காரியத்தால் வருவது. வெளியே தோலில் எத்தனை படி எண்ணெய் இறங்கிற்று என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இதை இத்தனை பட்டவர்த்தனமாக எழுதக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால், “மூன்று மாதம் என்னிடம் விடுங்கள், நடக்க வைத்துக் காட்டுகிறேன்” என்று சொல்லிக் கை வளையலைக் கழற்ற வைக்கிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

அப்படியானால் தேய்ப்பதும் பிடித்துவிடுவதும் வீண்தானா? இல்லவே இல்லை. கால் திரும்பவில்லை என்பதற்காக உடம்பு ஓய்ந்து போய்விடவில்லையே! தோல் இருக்கிறது, தசை இருக்கிறது, மூட்டு இருக்கிறது. அவற்றை அடுத்த முப்பது வருஷத்துக்குக் காப்பாற்றியாக வேண்டும். பழைய நாளில் தண்டுவடம் அறுந்தவர்களில் பெரும்பாலோர் இரண்டொரு வருஷத்துக்குள் இறந்து போனார்கள். அவர்களைக் கொன்றது தண்டுவடம் அல்ல; படுக்கைப் புண்ணும் மூத்திரக் கோளாறும்தான். ஜெர்மனியிலிருந்து ஹிட்லரின் கொடுமைக்குத் தப்பி 1939-ல் இங்கிலாந்து வந்த யூத டாக்டர் லுட்விக் குட்மன் இதைக் கண்டுகொண்டார். 1944 பிப்ரவரியில் ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில் தண்டுவடக் காயத்துக்கென்றே ஒரு பிரிவு தொடங்கி, இரண்டு மணிக்கு ஒரு தரம் ஒவ்வொரு நோயாளியையும் புரட்டிப் படுக்கவைக்க உத்தரவிட்டார். நடுராத்திரியில் தாமே வார்டுக்கு வந்து சரிபார்ப்பாராம். நர்ஸுகள் என்ன நினைத்தார்களோ, நோயாளிகள் பிழைத்தார்கள். பிழைத்தவர்களைச் சும்மாவும் விடவில்லை அந்த மனிதர். 1948-ல் லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே தினத்தில், சக்கர நாற்காலியில் இருந்த 16 பேருக்கு ஆஸ்பத்திரித் தோட்டத்தில் வில்வித்தைப் போட்டி வைத்தார். இன்றைய பாராலிம்பிக் பந்தயங்களுக்கு வித்து அதுதான்.

வில்வித்தைக்கு என்ன வேண்டும்? கையும் தோளும். இதைக் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊரிலேயே இதற்கு ஒரு பெரிய சாட்சி இருந்தார். டாக்டர் மேரி வர்கீஸ். 1925-ல் கொச்சிப் பகுதியில் பிறந்து, வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் படித்து டாக்டரானவர். 1954 ஜனவரியில், சக டாக்டர்களுடன் உல்லாசமாக வெளியே கிளம்பிய வண்டி விபத்துக்குள்ளாயிற்று. இடுப்புக்குக் கீழே எல்லாம் போயிற்று. வயது இருபத்தெட்டு. அத்தோடு ஒரு டாக்டரின் கதை முடிந்தது என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள். ஆனால் டாக்டர் பால் பிராண்டின் ஊக்கத்தால், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே, தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தும் ஆபரேஷன்களைச் செய்ய ஆரம்பித்தார் மேரி. பிறகு ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரிலும், நியூயார்க்கில் டாக்டர் ஹோவர்ட் ரஸ்க்கின் நிலையத்திலும் இருந்து, உடல் ஊனத்தோடு வாழப் பழக்கும் வைத்தியத்தைக் கற்றுக்கொண்டு வந்தார். வேலூரில் அதற்கென ஒரு பிரிவுக்குத் தலைமை தாங்கினார். 1966-ல் நோயாளிகள் தங்கிப் பழகும் புனர்வாழ்வு நிலையம் அங்கே திறக்கப்பட்டது. இன்று அது அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. 1972-ல் பத்மஸ்ரீ. 1986-ல் காலமானார். விபத்துக்குப் பிறகு 32 வருஷங்கள்! கால் திரும்பி வந்ததா என்றால், இல்லை. இத்தனையும் செய்தது தோளுக்கும் விரலுக்கும் நடுவில் மிச்சமிருந்த உடம்பு.

சென்னைப் புறநகரில் ஒரு வீட்டுக்கு, வீடு தேடிச் சென்று சிகிச்சை செய்யும் பிஸியோதெரபிஸ்ட் பெண்மணி ஒருவருடன் சமீபத்தில் போயிருந்தேன். மாடியிலிருந்து விழுந்து நான்கு வருஷமான ஒரு வாலிபர். சக்கர நாற்காலியில் தாமே வீட்டுக்குள் போய்வருகிறார்; கம்ப்யூட்டரில் கணக்கு வேலை பார்க்கிறார். அவருடைய தாயார் தினம் ராத்திரி ஒரு மணி நேரம் இரண்டு காலுக்கும் எண்ணெய் தேய்க்கிறார். ஒரு நாள்கூடத் தவறியதில்லையாம்.

“நேத்து ராத்திரிகூட வலது கால் ஒரு துள்ளு துள்ளிச்சும்மா! எனக்கு நம்பிக்கை இருக்கு” என்றார் அந்த அம்மாள்.

பிஸியோதெரபிஸ்ட் சட்டென்று பதில் சொல்லவில்லை. அந்த அம்மாளின் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார்த்தி வைத்துக்கொண்டு, “நீங்க தேய்க்கறதை நிறுத்த வேண்டாம், அம்மா. ஆனா அந்தத் துள்ளல் காலுக்கு உயிர் வர்றதாலே இல்லே. மேலேயிருந்து அதட்டற மூளையோட தொடர்பு அறுந்துபோச்சு. அதனாலே கீழே இருக்கிற நரம்பு தன் இஷ்டத்துக்கு வெட்டி இழுக்குது. வழக்கத்தைவிட ரொம்பத் துள்ளினா, எங்கேயோ ஏதோ கோளாறுன்னு அர்த்தம். மூத்திரத்திலே கிருமி இருக்கலாம், புண் இருக்கலாம், நகம் சதையிலே குத்திட்டுக்கூட இருக்கலாம். உணர்ச்சி இல்லாததாலே தம்பிக்குத் தெரியாது. நீங்கதான் தேடிப் பார்க்கணும்” என்றார்.

அந்த அம்மாள் வெகு நேரம் பேசவில்லை. வாலிபர்தான் சிரித்துக்கொண்டே, “நாலு வருஷமா எங்கம்மா என் காலுக்கு மட்டும்தான் அம்மா. தோளுக்கு இல்லே!” என்றார்.

வேடிக்கையாகச் சொன்னாலும் விஷயம் வேடிக்கை அல்ல. ஆறு மாதமாக அவரால் வலது தோளைக் கீழே வைத்துப் படுக்க முடியவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. காலே இல்லை என்று ஆன பிறகு தோள் வலியைப் பற்றி என்ன பேசுவது என்று இருந்துவிட்டாராம்.

நம்முடைய தோள் மூட்டு எட்டி எடுப்பதற்காக அமைந்தது. உடம்பின் பாரத்தைச் சுமப்பதற்காக அல்ல. அந்த வேலை இடுப்புக்கும் முழங்காலுக்கும் உரியது. சக்கர நாற்காலியில் வாழ்கிறவருக்குத் தோள்தான் கால். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து குளியலறைக்கு என்று உடம்பு முழுவதையும் கையை ஊன்றித்தான் தூக்க வேண்டும். சக்கரத்தைத் தள்ளித் தள்ளி மார்புத் தசைகள் இறுகிக் குறுகுகின்றன. தோள்கள் முன்னே சரிகின்றன. முதுகுப் பக்கத்துத் தசைகள் வேலையின்றித் தளர்கின்றன. நடுவில் தோள் மூட்டின் நார்கள் நசுங்கித் தேய்கின்றன. சக்கர நாற்காலியைக் கையால் தள்ளிப் பல வருஷமானவர்களில் மூன்றில் ஒரு பங்கு முதல் மூன்றில் இரண்டு பங்குப் பேர் வரை தோள் வலியால் அவதிப்படுகிறார்கள் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. தோள் போனால் அவருக்கு இரண்டாம் முறை கால் போன மாதிரி.

தைலத்துக்கும் கைக்கும் நல்ல வேலை இங்கேதான் இருக்கிறது. அன்று அந்தப் பிஸியோதெரபிஸ்ட் செய்ததைப் பார்த்தேன். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவிலுள்ள தசையை விரல்களால் பற்றி மெதுவாக அழுத்தி, இறுக்கம் தளரும்வரை காத்திருந்தார். மார்பின் முன்பக்கத் தசையை உள்ளங்கையால் தோளை நோக்கி நீவினார். அவசரமே இல்லை, மாவு பிசைகிற வேகமும் இல்லை. இருபது நிமிஷம் கழித்து, ஒரு ரப்பர் பட்டையைக் கதவுக் கைப்பிடியில் மாட்டி, பின்பக்கமாக இழுக்கும் அப்பியாசத்தைச் செய்ய வைத்தார். பிடித்துவிடுவது இறுக்கத்தைக் கொஞ்ச நேரம் தளர்த்தும். அந்த நேரத்தில் முதுகுத் தசைகளுக்கு வேலை கொடுத்தால்தான் பலன் நிலைக்கும் என்பது அவர் அபிப்பிராயம். சக்கரத்தைக் குட்டிக் குட்டியாகத் தட்டாமல், நீளமாக, வழுவழுப்பாகத் தள்ளி, கையைக் கீழே தொங்கவிட்டு மறுபடி பிடிக்க வேண்டும் என்றும் சொல்லிக் கொடுத்தார். கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவில் போட ஒரு வழவழப்பான பலகை இருந்தால், தூக்குவதற்குப் பதில் நகர்ந்து போகலாம்.

சரி, காலுக்கு என்ன செய்வது? மெதுவாக நீவிவிட்டு, ஒவ்வொரு மூட்டையும் நிதானமாக மடக்கி நீட்டினால் வெட்டி இழுப்பு சற்று நேரம் அடங்கும். உடை உடுத்தவும் நாற்காலியில் உட்காரவும் அந்த நேரம் போதும். அதற்குமேல் எதிர்பார்க்க வேண்டாம். தசைகள் குறுகி மூட்டுகள் மடங்கியபடியே நின்றுவிடுவதைத் தினமும் இழுத்து நீட்டுவதால் தடுத்துவிடலாம் என்றுதான் டாக்டர்களே வெகு காலம் நம்பினார்கள். ஸிட்னி சர்வகலாசாலையின் லிஸா ஹார்வி முதலானோர் பல ஆராய்ச்சிகளைத் திரட்டி 2017-ல் வெளியிட்ட தொகுப்பு, அந்த நம்பிக்கையைக் கொஞ்சம் ஆட்டிவிட்டது. ஏழு மாதத்துக்குக் குறைவாகச் செய்யும் இழுப்புப் பயிற்சியால் மூட்டின் அசைவில் சொல்லிக்கொள்ளும்படியான லாபம் இல்லை என்பது அதன் முடிவு. ஆகவே அரை மணி நேரம் மல்லுக் கட்டுவதைவிட, மற்ற இருபத்து மூன்றரை மணி நேரமும் கால் எப்படி இருக்கிறது என்று கவனிப்பது மேல் என்று எனக்குத் தோன்றுகிறது. படுக்கும்போது பாதம் கீழே சரிந்துவிடாமல் ஓர் அணை, முழங்காலுக்கு அடியில் எப்போதும் தலையணையைச் சொருகி மடக்கியே வைக்காமல் இருப்பது, டாக்டர் சம்மதித்தால் தினம் கொஞ்ச நேரம் குப்புறப் படுப்பது. இவற்றுக்குச் செலவு ஒன்றும் இல்லை.

நல்ல எண்ணத்தோடு செய்கிற சில காரியங்கள்தாம் பெரிய ஆபத்தாக முடிகின்றன. உட்காரும் எலும்பின் மேலோ, முதுகின் அடியிலோ, குதிகாலிலோ தோல் சிவந்திருந்தால் உடனே எண்ணெயைத் தொட்டுத் தேய்க்கிறோம் அல்லவா? கூடவே கூடாது. ஒரு காலத்தில் நர்ஸுகளுக்கே ஸ்பிரிட்டும் பவுடரும் போட்டுத் தேய்க்கச் சொல்லிக் கொடுத்தார்கள்; இன்று அதை அடியோடு தள்ளிவிட்டார்கள். சிவந்த இடத்தில் உள்ளே ரத்த ஓட்டம் ஏற்கனவே நசுங்கியிருக்கிறது. தேய்த்தால் சதை இன்னும் கிழியும். விரலால் அழுத்தி எடுத்தும் வெளுக்காத சிவப்பு என்றால், அந்த இடத்தின் மேல் பாரமே விழாமல் வைத்து டாக்டருக்குச் சொல்ல வேண்டும். நாற்காலியில் இருப்பவர் கால் மணிக்கோ அரை மணிக்கோ ஒரு தரம் முன்னும் பக்கமும் சாய்ந்து பாரத்தை மாற்ற வேண்டும்.

ஒத்தடமும் அப்படியே. தவிட்டு ஒத்தடம், உப்பு ஒத்தடம், வெந்நீர்ப் பை எல்லாம் நமக்கு இதம். சூடு தெரியாத தோலுக்கு அவை தீக்காயம். வெந்தது பிறகு கொப்புளத்தைப் பார்த்துத்தான் தெரியும். காலில் எண்ணெயைச் சுட வைத்துத் தடவுவதும் அதே கதைதான்.

ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கிச் சூடாக இருந்தால் தொடாதீர்கள். உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். தேய்த்தால் அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் உயிருக்கே உலை வைக்கும். முதல் சில மாதங்களில் இடுப்பு அல்லது முழங்கால் மூட்டு விறைத்து வீங்கினால், சதைக்குள் எலும்பு வளர்கிற விசித்திரமான கோளாறாகவும் இருக்கலாம். அசையாத காலின் எலும்பு நாளடைவில் மெலிந்தும் போகிறது. பலங்கொண்ட மட்டும் மடக்கினால் முறியும். முறிந்ததும் அவருக்குத் தெரியாது.

மார்புக்கு மேலே, அதாவது தோள்பட்டைகளின் மட்டத்திலோ கழுத்திலோ அடிபட்டவர்களுக்கு இன்னொரு ஜாக்கிரதை வேண்டும். கீழே எங்காவது பலமாக அழுத்தினாலோ, மூத்திரக் குழாய் மடங்கி நீர் தேங்கினாலோ, மலச்சிக்கலாலோ, ரத்த அழுத்தம் கிடுகிடுவென்று ஏறிவிடும். மண்டை பிளக்கும் தலைவலி, முகம் சிவத்தல், தலையிலும் கழுத்திலும் வியர்வை. இவற்றில் எது கண்டாலும் பிடித்துவிடுவதை நிறுத்திவிட்டு, படுத்திருப்பவரை நிமிர்த்தி உட்கார்த்தி, இறுக்கமான உடைகளைத் தளர்த்தி, முதலில் குழாயைப் பாருங்கள். தணியாவிட்டால் தாமதம் செய்யாமல் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.

இவ்வளவு பயமுறுத்திய பிறகு ஓர் அழகான சங்கதியைச் சொல்கிறேன். இந்தப் பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டு, உங்கள் முன்கையை மேஜையில் ஊன்றி, விரல்களைத் துவள விடுங்கள். மணிக்கட்டை மேலே தூக்குங்கள். விரல்கள் தாமாகவே மடங்குகின்றன. மணிக்கட்டைக் கீழே தொங்கவிடுங்கள், தாமாக விரிகின்றன. நீங்கள் விரல்களுக்கு ஒன்றும் சொல்லவில்லை! தசை நார்களின் நீளம் அளவாக இருப்பதால் நடக்கிற மாயம் இது. கழுத்தில் அடிபட்டு விரல்கள் செயலிழந்து, மணிக்கட்டு மட்டும் தப்பியவர்கள் இதைக் கொண்டுதான் டம்ளரைப் பிடிக்கிறார்கள், பேனாவை எடுக்கிறார்கள். விரல் மடக்கும் நார்கள் கொஞ்சம் இறுகியிருந்தால் அவர்களுக்கு லாபம். இது தெரியாமல், “ஐயோ, விரல் மடங்கிக் கிடக்கிறதே” என்று மணிக்கட்டையும் விரல்களையும் சேர்த்துப் பின்னால் வளைத்து வளைத்து நீவிவிட்டால், நார்கள் நீண்டு, அந்தப் பிடி நிரந்தரமாகப் போய்விடும். கழுத்தில் அடிபட்டவரின் விரல்களை, பிஸியோதெரபிஸ்டைக் கேட்காமல் நிமிர்த்தவே கூடாது.

தென்காசிக்குப் பக்கத்தில் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை 1981-ல் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன் கழுத்தில் அடிபட்டவர்தாம். 1975-ல், கடற்படை அதிகாரிக்கான தேர்வின்போது நேர்ந்த விபத்து. அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது 2020-ல். அந்த இரண்டு வருஷங்களுக்கும் நடுவில் நாற்பத்தைந்து வருஷம் இருக்கிறது. ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவர் புரட்டியும் தூக்கியும் உட்கார்த்தியும் இருக்க வேண்டும். பத்திரிகைகளில் படம் வராத அந்தக் கைகளைப் பற்றி நினைக்காமல் இருக்க முடியவில்லை.

அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரிகளின் முதுகு என்ன ஆகிறது? தரையில் பாய் போட்டு அதில் படுக்க வைத்து, குனிந்தபடியே ஒரு மணி நேரம் தேய்க்கிற தாய்க்கு இரண்டே வருஷத்தில் இடுப்பு வலி நிச்சயம். கட்டில் வேண்டும், அது தேய்ப்பவரின் இடுப்பு உயரத்துக்கு வர வேண்டும். கடையில் வாங்கும் ஆஸ்பத்திரிக் கட்டில் கட்டுப்படி ஆகாவிட்டால், இருக்கிற கட்டிலின் கால்களைக் குழி தோண்டிய மரக் கட்டைகளில் நிறுத்தி உயர்த்திவிடலாம் என்று காட்டினார் அந்தப் பிஸியோதெரபிஸ்ட். நாற்காலிக்கு மாறும்போது மட்டும் உயரம் சமமாக இருக்க வேண்டுமாதலால், அதற்கு வேறொரு தாழ்வான பெஞ்சு. புரட்டும்போது கையால் இழுக்காமல், உடம்புக்கு அடியில் மடித்துப் போட்ட பழைய எட்டு முழ வேஷ்டியைப் பிடித்து இழுத்தால் பாதி பாரம் குறைகிறது.

புறப்படும் சமயம், வாசகிகள் கட்டாயம் கேட்பார்கள் என்பதால், எந்த எண்ணெய் விசேஷம் என்று அவரிடம் விசாரித்தேன்.

“வீட்டிலே எது இருக்கோ அது. கை வழுக்கிப் போறதுக்குத்தானே எண்ணெய்! ஆனா முடிஞ்சதும் நல்லாத் துடைச்சுடச் சொல்லுங்க. எண்ணெய்ப் பிசுக்கோட நாற்காலிக்கு மாறினா வழுக்கி விழுந்துடுவாங்க” என்றார். பிறகு அந்த அம்மாளைப் பார்த்து, “நாளைக்கு ராத்திரி கால் அரை மணி, தோள் அரை மணி. சரியா, அம்மா?” என்றார். அந்த அம்மாள் அப்போதே மகனுடைய சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தார்.